யானைக்கு நான் போட்ட கையெழுத்து

குத்துச்சண்டையில் ஹெவிவெயிட்காரனுக்கு மட்டும் ஒரு சாபம் உண்டு. மற்ற எடைக்காரர்கள் எல்லாரும் சண்டைக்கு முதல் தராசில் ஏறி நிற்க வேண்டும். ஒரு இறாத்தல் கூடினாலும் தொல்லைதான். அதனால் வாயைக் கட்டுவார்கள், ஓடுவார்கள், வேர்க்க விறுவிறுக்கப் பழகுவார்கள். ஹெவிவெயிட்டுக்கு மேலே வரம்பே கிடையாது. எவ்வளவு தின்றாலும் எவ்வளவு பியர் குடித்தாலும் அவன் ஹெவிவெயிட்தான், கேட்க ஆளில்லை. எழுபதுகளில் மெல்பேர்னில் நான் பார்த்த ஹெவிவெயிட்டுகளில் பாதிப் பேர் இப்படித்தான் கெட்டார்கள். கையிலிருந்த வித்தை விழலுக்கு இறைத்த நீராய்ப் போயிற்று.

அவர்களில் ஒருவனுக்கு என் மனைவி யானை என்று பெயர் வைத்திருந்தாள். உயரம் ஆறரை அடி, அகலத்துக்கும் குறைவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடும் என்பார்களே, அந்த விதத்திலும் பெயர் பொருந்தியது.

அவனை நான் முதலில் பார்த்தது தொலைக்காட்சியில். யாழ்ப்பாணத்திலிருந்து டொக்டராக வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் பள்ளிக்கூட நாட்களில் நானும் கையுறை போட்டவன்தான். முருங்கைக்காய் உடம்பு, மூக்கு உடைந்ததுதான் மிச்சம், ஆனால் பைத்தியம் மட்டும் விடவில்லை. அன்றைக்கு அவன் இடது கையால் ஒரு குத்து விட்டான். எதிராளி விழக்கூட இல்லை, யாரோ கதிரை போட்டுக் கொடுத்தது போல அப்படியே தரையில் இருந்துவிட்டான். அப்படியொரு குத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எதிராளி தள்ளாடி எழும்பினான். இன்னும் ஒன்று போட்டால் கதை முடிந்தது. இவனோ இரண்டு அடி பின்னால் போய், அவனுக்கு மூச்சு வரட்டும் என்று காத்து நின்றான். கடைசியில் புள்ளிகளில் தோற்றான்.

"அடிச்சு முடியடா மடையா!" என்று நான் போட்ட சத்தத்தில், குசினிக்குள் நின்ற மனைவி அகப்பையோடு ஓடி வந்தாள்.

அவன் கதை முழுக்க அப்படித்தான். பயிற்சிக்கு இரண்டு நாள் போவான், மூன்றாம் நாள் தூண்டிலோடு கடற்கரையில் நிற்பான். ஒரு பெரிய சண்டைக்கு முதல்நாள் மீன்பிடிக்கப் போனவன் சண்டை முடிந்த பிறகுதான் திரும்பினான். பிறகு ஆளையே காணவில்லை. எனக்கு அவன் மேல் வந்த கோபம் சொந்தத் தம்பி மேல் வருகிற கோபம்.

மூன்று வருடம் கழித்து, மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் நான் வேலை செய்த சிறிய கிளினிக்குக்கு அவனே வந்தான். அப்போது அவனுக்கு வயது முப்பத்துநான்கு. கூடவே அவனைச் சிறு வயதிலிருந்து பழக்கிய பயிற்சியாளர். திரும்பவும் சண்டைக்கு இறங்குகிறானாம், தகுதிப் பத்திரத்தில் டொக்டரின் கையெழுத்து வேண்டுமாம். அவர்கள் பேசிய ஆங்கிலத்தை என் வாய்க்கு வருகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

"இந்த முறை ஒழுங்காய்ச் செய்யிறன் டொக்டர்" என்றான்.

இரத்த அழுத்தம் சரி, இதயம் சரி. பரிசோதிக்கும்போது ஒரு பகிடி சொன்னான். பெரிய மீன் ஒன்று அவனுடைய தூண்டிலையும் இழுத்துக்கொண்டு போன கதை. நானும் சிரித்தேன். பத்து நிமிடத்தில் அதே கதையை அதே சொற்களில் திரும்பச் சொல்லி, அதே இடத்தில் நிறுத்திச் சிரித்தான். பிறகு கழற்றிவைத்த சேட்டை எடுத்துப் போட்டான். மேல் பொத்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. பயிற்சியாளர் எழும்பி வந்து பூட்டிவிட்டார். தினமும் செய்கிற வேலை என்று பார்த்தவுடன் விளங்கியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அடிவாங்கி மூளை கலங்கிய இரண்டு குத்துச்சண்டைக்காரர்களை ஆஸ்பத்திரி வார்டில் நான் பார்த்திருந்தேன். இருவரும் ஒரு நாள் பயிற்சியைக்கூடத் தவறவிடாத ஆட்கள். ஒருவருக்குத் தன் கட்டில் எதுவென்று தெரியாது. இவன் சோம்பேறியாக இருந்தபடியால்தான் இந்த அளவோடு தப்பியிருந்தான். இனிமேல் தலையில் நாலு பலத்த குத்து விழுந்தால் இவனும் அங்கேதான், அல்லது நேரே சவக்காலைக்கு.

"சண்டை நாளில மேடைக்குப் பக்கத்தில இருக்கிற டொக்டராய் நீங்களே வாங்கோவன்" என்றார் பயிற்சியாளர். "முதல் வரிசை."

முதல் வரிசை! அந்த இடது கையை ஆறு அடி தூரத்திலிருந்து பார்க்கலாம். நாக்கில் எச்சில் ஊறிய பூனை மாதிரி நான் பேனையை எடுத்தேன். சண்டைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

"தெரிஞ்சுகொண்டோ சைன் பண்ணினனீங்கள்?"

"ஓம்."

"உங்களுக்கென்ன விசரே? நாளைக்கே போய், பிழையாய் எழுதிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ."

போகவில்லை. கறுத்த டொக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று சிரிக்கக் காத்திருந்தவர்கள் அந்த நாளில் குறைவில்லை. அவர்கள் வாயில் விழப் பயந்து, ஒரு மனிதனின் தலையை அடகு வைத்தேன். அடுத்த இரண்டு கிழமையும் சோறு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தால் மனைவியை எடுக்கச் சொன்னேன்.

சண்டை நாள் வந்தது. மாலை வெயில் இன்னும் வெளியே இருக்க, மண்டபம் நிறைந்துவிட்டது. எதிராளி சிட்னியிலிருந்து வந்த இளந்தாரி, இருபத்திரண்டு வயது, கழுத்தே தெரியாத உடம்பு. நான் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்தேன். சண்டையை நிறுத்துவது நடுவருடைய வேலை. என் வேலை தையல் போடுவது.

முதல் சுற்றின் நடுவில் அந்த இடது கை வந்தது. இளந்தாரி கயிற்றில் சாய்ந்தான். மண்டபமே எழும்பி நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் எழும்பி "அடி! அடி!" என்று தமிழில் கத்தினேன். யானை வழக்கம் போலப் பின்னால் போய்க் காத்து நின்றான். எனக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. இனி அந்தப் பையன் விடமாட்டான்.

இரண்டாம் சுற்றில் பையன் பாய்ந்து வந்தான். முதல் குத்து யானையின் தோளில் பட்டது. தோளில்தான், அதுவும் உரசிக்கொண்டு. யானை ஒரு முழங்காலைத் தரையில் வைத்தான். முழங்கால் பட்டால் விழுந்த கணக்கு, பத்து எண்ணுவதற்குள் எழும்பாவிட்டால் தோல்வி. நடுவர் எண்ணத் தொடங்கினார். யானை தெளிவான கண்களோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து. ஆறு. அவன் எழும்பிவிடக்கூடாது என்று கதிர்காமக் கந்தன் முதல் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். எட்டு. ஒன்பது. பத்து.

சனம் கூவியது, பியர்க் கோப்பைகள் பறந்து வந்தன. கோழை, கள்ளன் என்று திட்டினார்கள். எனக்கோ யாரோ வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

உடை மாற்றும் அறையில் அவன் கண்ணுக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பயிற்சியாளர் வெளியே சனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன் எழும்பேல்லை?" என்று கேட்டேன்.

"தலைக்குள்ள ஏதோ சரியில்லை டொக்டர். எனக்குக் கன நாளாய்த் தெரியும். நானாய் விட்டால் பயந்தவன் எண்டுவினம். என்னைப் பழக்கின மனிசனும் என்னை நம்பிக்கொண்டு நிண்டவர். டொக்டர் மறிச்சால் ஆரும் ஒண்டும் சொல்லேலாது. நீங்கள் மறிப்பியள் எண்டுதான் உங்களிட்ட வந்தனான்." சிரித்தான். "நீங்கள் மறிக்கேல்லை."

பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து, இவர் இனி ஒருபோதும் சண்டை பிடிக்கக்கூடாது என்று எழுதினேன். இரண்டு கிழமைக்கு முதல் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவன் விரலை வைத்து மெதுவாக வாசித்தான். பிறகு, நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்று கேள்விப்பட்ட பிள்ளை மாதிரி, இடுப்பில் கட்டிய துவாயோடேயே கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

"டொக்டர் விடமாட்டாராம்!" என்று அந்த நடைபாதை முழுக்கக் கேட்கக் கத்தினான். "இனி ஒருக்காலும் விடமாட்டாராம்!"

அப்பாடா என்று அவன் எழும்பிப்போன மரவாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கிப் போயிற்று. கையெழுத்துப் போட்டவன் நான், என்னைக் காப்பாற்றியவன் அவன்.