அண்ணியின் கண்ணில் வராத கண்ணீர்

எண்பதுகளின் தொடக்கம். ஐப்பசி மழை சற்று விட்டிருந்த சமயம். குருவிநத்தத்தில் என் அப்பா இறந்துவிட்டார் என்று வில்லியனூரில் இருந்த எனக்குத் தகவல் வந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் மாறி ஓடினேன். வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு விழுந்து அழுதேன்.

கொஞ்சம் அடங்கிய பிறகுதான் கவனித்தேன். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முகம் இறுகிக் கிடந்தது. பக்கத்திலிருந்த சித்தி என் காதோரம், "பாத்தியாடி, மாமனாரு போனதுல மவராசிக்கு நிம்மதி போல" என்றாள்.

அதற்குமேல் என் பார்வை அப்பா மேல் இல்லை, அண்ணி மேல்தான். அவள் எழுந்து பின்பக்கம் போனாள். நானும் போனேன். மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, அண்ணாந்து இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கன்னம் இரண்டும் ஈரம்!

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவளுக்குக் கண்ணு காயிற வியாதிம்மா. போன வருசமே டாக்டரு சொட்டு மருந்து குடுத்தாரு."

கண் காய்கிற வியாதி என்று ஒன்று உண்டா? நான் கேள்விப்பட்டதே இல்லை. பெண்டாட்டிக்காகப் பொய் சொல்கிறான் என்றே நினைத்தேன். படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு வேளாவேளைக்குக் கஞ்சியாவது கொடுத்தாளா என்றுகூட என் புத்தி போனது.

மறுநாள் காலை ஆண்கள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போயிருந்தார்கள். அண்ணி மறுபடியும் பாட்டிலை எடுத்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

"இன்னா அண்ணி, மருந்து ஊத்திக்கினாவது அழுவணும்னு யாராவது கேட்டாங்களா?" என்று அத்தனை பெண்கள் எதிரில் கேட்டுவிட்டேன்.

"கண்ணுல மண்ண வாரிப் போட்டாப்புல இருக்கு. அதான் ஊத்துறேன்" என்றாள். ஒருத்தரும் நம்பவில்லை.

அன்று மதியம் அவளால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வெளிச்சம் பட்டால் துடித்தாள். கொள்ளி வைத்த அண்ணன் வீட்டை விட்டு நகரக் கூடாது என்பதால், நீ கூட்டிக்கொண்டு போ என்று என்னைக் கெஞ்சினான். இதுவும் நடிப்பா, பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பாண்டிக்குப் போகிற பஸ்ஸில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கையைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். "கருவிழி புண்ணாகுற அளவுக்குக் காஞ்சிருக்கு. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

"சளி மாத்திரைதாங்க. இருவது நாளா."

டாக்டரம்மா கோபப்பட்டார். "மூக்குல தண்ணி வராம நிறுத்துற மாத்திரை கண்ணையும் காய வெச்சிடும். உன்னை மாதிரி கண்ணு காயிற வியாதி இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம அதைப் போடவே கூடாது. உப்புத் தண்ணில தொண்டையைக் கொப்புளிச்சு, கண்ணை மூடிக்கிட்டு ஆவி புடிச்சிருந்தா போதுமே. இத்தனை நாள் எதுக்குப் போட்ட?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "மாமாவுக்கு நெஞ்சு பூரா சளிங்க. மூச்சு வுட முடியல. நான்தான் பக்கத்துல குந்தி கஞ்சி ஊட்டணும், தொடச்சி வுடணும். நான் தும்மி அவுருக்கு ஒட்டிக்கினா தாங்க மாட்டாருன்னு போட்டுக்கினே இருந்தேன்."

அந்த இருபது நாளில், நடவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று காரணம் சொல்லி, ஒரு தடவைகூட நான் அப்பாவை வந்து பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் கையை நான் விடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், காலையில் இருந்த அதே பெண்கள் எதிரில் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். நான் பேசியது தப்பு என்றும் சொன்னேன். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வுடும்மா, சாவு வூட்ல யாரு இன்னா பேசறோம்னு யாருக்குத் தெரியுது" என்றாள் அண்ணி. அவள் கண் குணமாக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அப்பாவின் சாவில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவள் நான். அவருக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டாதவளும் நான்தான். இன்றைக்கும் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் யார் அழுகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்டு, அவர்கள் அருகில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.