நாவற்பழம் என்று சிரித்த பொழுது

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். இத்தனை வருடமும் என் கை எழுதியதெல்லாம் இரசாயனம் வரும் பரல்களில், அதாவது பீப்பாய்களில், ஒட்டும் லேபல்களின் இலக்கங்களும் திகதிகளும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. ஆனால் என்னோடு வேலை செய்த நானா ஒரு கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்தக் கதையில் நான் அவருடைய உயிரைக் காப்பாற்றியவள். போன மாதம் அவருடைய மகளின் கலியாண வீட்டிலும் சொன்னார். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சோறு பரிமாற முதலே எழும்பி வந்து பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டுகிறேன். நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

கண்ணை மூடினால் முதலில் வருவது நானாவின் வாய்தான். கிட்டங்கி வாசலில், பத்து மணி வெயிலுக்கு முகத்தைக் கொடுத்தபடி கவிழ்த்து வைத்த பெட்டியொன்றில் இருக்கிறார். உதடு இரண்டும் நீலம். நல்ல நீலமும் இல்லை, சாம்பலில் ஊதாவைக் குழைத்த மாதிரி. அந்த வாயால் சிரிக்கிறார்.

எங்கள் கிட்டங்கி உள்துறைமுகப் பக்கம் இருக்கிறது. கப்பலில் வரும் இரசாயனப் பரல்களை இறக்கி, லேபல் ஒட்டி, கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும்வரை வைத்திருப்போம். அதில் ஒன்று அனிலின். சாயம் செய்கிறவர்களுக்கு அது வீட்டுக்கு அரிசி மாதிரி, அதிலிருந்துதான் மற்றதெல்லாம். புதிதாக இருக்கும்போது எண்ணெய் போலத் தெளிவாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வரும்.

அதைப் பற்றிச் சொல்லித்தர ஒருநாள் ஓர் உத்தியோகத்தர் வந்தார். ஆண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் இருந்தார்கள். நான் பின்வரிசையில் இருந்து கொப்பியில் எழுதினேன். அமிலம் மாதிரி இது எரிக்காது, அதுதான் இதன் பொல்லாத குணம் என்றார். தோலில் பட்டாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் தோலுக்குள்ளால் இறங்கி, இரத்தம் காற்றைச் சுமக்க முடியாதபடி பண்ணிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பட்ட ஆளுக்குச் சிலவேளை சுகமாகவே இருக்கும், ஆகையால் பக்கத்தில் நிற்பவர்தான் கண்டு சொல்ல வேண்டும் என்றார். இந்தக் கடைசி வசனத்துக்குக் கீழே நான் கோடும் போட்டு வைத்திருக்கிறேன். கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது.

மணம் எப்படியிருக்கும் என்று யாரோ கேட்டார்கள். பழுதான மீன் மாதிரி என்றார் உத்தியோகத்தர். எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எங்கள் மதிலுக்கு அடுத்த பக்கம் கருவாட்டு மொத்தக் கடை. சல்லி, குச்சவெளி மீனவக் கிராமங்களில் காய்ந்து வருகிற கருவாடெல்லாம் அங்கேதான் மூட்டையாகும். "அப்ப பக்கத்துக் கடைக்காரர் இவ்வளவு நாளும் அனிலின்தான் விக்கிறார் சேர்" என்றான் சுமை தூக்கும் கூட்டத்தில் ஒருவன். உத்தியோகத்தரும் சிரித்தார். இந்த ஊரில் அந்த மணத்துக்கு யார் மூக்கைச் சுளிப்பது?

நானா கிண்ணியாக்காரர். பரல் தூக்கும் எங்கள் போர்க்லிப்ட் வண்டியின் சாரதி. வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் நானாதான், அண்ணன்தான். அவர் வாய் ஓயாது. பரலைத் தூக்கும்போது அதனோடும் கதைப்பார்: "வா மகளே, இடிக்காம வா, கலியாணம் முடிக்கப் போற வயசு." நான் கதைக்காத ஆள் என்பதால் எனக்கும் சேர்த்து அவரே கதைத்துவிடுவார். "தங்கச்சி இண்டைக்குப் பேச்சே இல்ல" என்று கேட்டுவிட்டு, "எண்டைக்கு இருந்திச்சி?" என்று பதிலும் அவரே சொல்வார். கம்பனி கொடுத்த இறப்பர் பூட்ஸை மட்டும் போடமாட்டார். பெடல் காலுக்குத் தெரியுதில்லை என்பது அவர் சாட்டு. உண்மையில் மகன் டோகாவிலிருந்து அனுப்பிய தோல் சப்பாத்தைக் கழற்ற அவருக்கு மனமில்லை.

நாவற்பழக் காலம் அது. அன்று நானா வரும் வழியில் ஒரு பை பழம் வாங்கி, போர்க்லிப்டின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அடுக்கின் அடியில் ஓர் அனிலின் பரலின் மூட்டு விட்டு ஒழுகியிருந்தது. யாருக்கும் தெரியாது. அவர் காலையிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக அந்த ஈரத்திலேயே நடந்திருக்கிறார். மீன் மணம் எனக்கும் வந்தது. அடுத்த பக்கம் லொறி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றுவதும் என் வேலைதான். முதல் கோப்பை நானாவுக்கு. "சீனி கூடப் போடு புள்ள, தலை இடிக்கிது" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் அந்த வாய்.

அதற்குள் மற்றவர்களும் கண்டுவிட்டார்கள்.

"என்ன நானா, வாயெல்லாம் நீலம்? விடியவே மரத்தில ஏறிட்டியளோ?"

"இந்த வயித்தோட மரமோ? கீழ கிடந்ததப் பொறுக்கித் திண்டிருப்பார்."

"வீட்டில ராத்தாக்கு ஒரு பழம் மிச்சம் வச்சியளோ நானா, இல்லாட்டிக் கொட்டைதானோ?"

"ஒங்களுக்குக் கொட்டையும் இல்ல, போங்கடா" என்றார் நானா. அவர் பழம் சாப்பிட்டது உண்மை. அதை நானும் கண்டேன். இதுவரை எனக்கு ஒரு சாட்டு இருக்கிறது.

ஆனால் கோப்பையை வாங்கியபோது அவருடைய நகங்களையும் பார்த்தேன். நாவற்பழம் நாக்கில் பிடிக்கும், உதட்டில் பிடிக்கும். நகத்துக்குள்ளே பிடிக்காது. எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சந்தேகம் இல்லை, தெரிந்துவிட்டது. கொப்பியில் நான் போட்ட கோடுகூடக் கண்ணில் வந்தது.

நான் இரண்டாவது கோப்பையை ஊற்றினேன். பிறகு மூன்றாவது. ஆறு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் நான் போய் "அது நாவற்பழம் இல்லை" என்றால், வைத்தியம் பார்க்க வந்த டொக்டரம்மா என்று வருடம் முழுக்கச் சொல்வார்கள். இதைத்தான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறொன்றையும் நினைக்கவில்லை. ஆறு பேருக்கும் ஊற்றி முடித்தேன். சீனிப் போத்தலை மூடினேன். கரண்டியைக் கழுவினேன்.

கோப்பை நானாவின் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தவர் பெட்டியோடு சாய்ந்தார். அப்போதுதான் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அனிலின்! உடுப்பக் கழட்டுங்கோ! வெளியில கொண்டுவாங்கோ!"

இழுத்து வந்து வேம்புக்குக் கீழே கிடத்தினார்கள். ஒருவன் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்தான். தாரோ கிறீஸோ ஒட்டினால் படகுக்காரர் எல்லோரும் அதில்தான் துடைப்பார்கள். அவன் அப்பாவியாக நல்லதைத்தான் செய்ய வந்தான். அது நஞ்சை இன்னும் வேகமாகத் தோலுக்குள் இறக்கும். போத்தலைத் தட்டிவிட்டேன். "தண்ணியும் சவுக்காரமும்! வேற ஒண்டும் பூச வேண்டாம்!" கையுறை போட்டுக்கொண்டு வாளி வாளியாக ஊற்றினோம். சப்பாத்து என் நினைவுக்கு வரவில்லை. கொப்பியில் அதுவும் இருக்கிறது: தோல் பொருள் ஊறினால் கழுவிப் பயனில்லை, வீசிவிட வேண்டும். காலையிலிருந்து ஊறிய அந்தச் சப்பாத்தோடேயே அவரைக் கம்பனி வான் வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் தாதி கழற்றும்வரை அது அவர் காலில் இருந்தது.

அவரிடமிருந்து எடுத்த இரத்தம் கோப்பி நிறத்தில் இருந்தது. கொடுத்த மருந்து கடும் நீலம். அதுவும் ஒரு சாயம்தான் என்று டொக்டர் சொன்னார். நீலம் பாரித்த ஆளுக்கு நீலத்தையே ஏற்றினார்கள், உதடு மெல்ல மெல்லச் சிவந்தது. கண் விழித்ததும் நானா முதலில் கேட்டது சப்பாத்தை.

அவர் பிழைத்துவிட்டார். போர்க்லிப்ட் வேலையை விட்டு இப்போது கிண்ணியாவில், டோகாவிலிருந்து திரும்பி வந்த மகனுடைய சைக்கிள் கடையில் இருக்கிறார். நான் இன்னும் அதே கிட்டங்கியில்தான். கருவாட்டுக் கடையும் அங்கேயே இருக்கிறது. இப்போது எது கருவாட்டு மணம், எது அனிலின் மணம் என்று பிரித்தறிய முடியாமல் நாளுக்குப் பத்துத் தடவை அடுக்குகளைச் சுற்றி வருகிறேன். யாராவது வந்தால் முகத்துக்கு முதல் நகத்தைப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். பாலம் தாண்டும்வரை வசனத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடையில் நானா ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நானா, அண்டைக்கு நான் முதலே கண்டனான். கோப்பையத் தரேக்கையே தெரியும். சிரிப்பாங்கள் எண்டு சொல்லாம நிண்டனான்."

அவர் வேலையை நிறுத்தவில்லை. "எவ்வளவு நேரம்?" என்றார்.

"ஆறு பேருக்கும் ஊத்தி முடியும்வரைக்கும்."

டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார். குமிழி வரவில்லை. பிறகு கையைத் துடைத்து, நகங்களை விரித்து வைத்துப் பார்த்தார். நான் போவதற்கு எழும்பினேன்.

"கதைய இனி மாத்த ஏலாது புள்ள" என்றார். "ஊரெல்லாம் கேட்டுட்டு."

சிரித்தாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் இருந்தும் யோசித்தேன். இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். மாரி தொடங்கிவிட்டது. புதிதாக வந்த பரல்களில் ஒன்றின் அடி ஈரமாக இருந்தது. உடனே கத்தினேன். எல்லோரும் வெளியே ஓடினார்கள். சூப்பர்வைசர் கையுறை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். கூரையிலிருந்து ஒழுகிய மழைத் தண்ணீர். மத்தியானம் வரை சிரித்தார்கள்.