இரண்டு விரல் குறைந்த கூரை

"சொன்ன நாளில், சொன்னபடி வேலையை முடித்துக் கொடுப்பதில் நம் வட்டாரத்துக்கே முன்மாதிரியாகத் திகழும் திரு. அருள்நாதன் அவர்களின் காலந்தவறாமையைப் பாராட்டி வழங்கப்படுகிறது."

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகும் சாலையில், அந்தோணியார் சீட் கவர் ஒர்க்ஸ் என்ற கடையின் சுவரில் இந்தக் கேடயம் தொங்குகிறது. வணிகர் சங்கம் ஒன்று ஆண்டு விழாவில் கொடுத்தது. அந்த விழா மேடைக்கு மேல்விதானம் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தவரும் அருள்நாதன்தான். விதானம் விழா முடிந்த மறுவாரம் வந்து சேர்ந்தது. கேடயத்தில் வாசகத்தை முன்கூட்டியே பொறித்துவிட்டதால் சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைக்குப் பெயர் கொடுத்த புனித அந்தோணியார், தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர். அந்தக் கடையில் துணி கொடுத்தவர்கள் அவரிடம் அடிக்கடி மன்றாட நேர்ந்தது.

அருள்நாதனின் தொழில்முறை எளிமையானது. ஆள் வந்ததும் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பார், டீ சொல்வார், டீ வருவதற்குள் ரெக்சினை அளந்து வெட்டிவிடுவார். வெட்டியதைத் தூக்கிக்கொண்டு எவரும் வேறு கடைக்குப் போக முடியாது. அதற்கப்புறம் என்ன அவசரம்? "நாளைக்கு வாங்க" என்பார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. நாளை என்பது காலண்டரில் இருக்கும் ஒரு தேதி என்று அவர் நினைக்கவில்லை. அதை ஒரு நல்லெண்ணமாகத்தான் நினைத்தார்.

நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி கோவிந்தன் தன் டிராக்டருக்கு டாப் போட நீல ரெக்சின் வாங்கிக் கொடுத்திருந்தார். தக்காளி ஏற்றிக்கொண்டு மண்டிக்கு வரும்போதெல்லாம், டிராக்டரில் கட்டிய குடையோடு கடை முன்னால் நிற்பார்.

"ஏம்பா அருளு, என் டாப்பு என்னாச்சு?"

"வெட்டியாச்சுங்கண்ணா. தைக்கறதுதான் பாக்கி."

"பொங்கலுக்கு முன்னாடியும் இதத்தானப்பா சொன்ன?"

"அப்பவும் அது உண்மதானுங்களே."

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மகள், ஆக்சிலியா. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆண்டோவுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். ஆண்டோ நல்ல பையன். ஒரே குறை, பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்துப்போன ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட். மேலே கெட்டியான ஃபைபர் கூரை. போல்ட்டைக் கழற்றினால் கூரை மொத்தமாக வந்துவிடும், வண்டி திறந்த வண்டியாகிவிடும். மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

"மாமா, கோயில்லருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம் ஓப்பனா போகணுங்க. மழ வந்தா டக்குனு மாட்டிக்கற மாதிரி துணியில ஒரு டாப் தைக்க முடியுங்களா?"

அருள்நாதன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். டீ சொன்னார். ஸ்பேனரை எடுத்தார். டீ வந்தபோது கூரை கடையின் பின்னறையில் கிடந்தது; அதன்மேல் ரெக்சின் சுருள்களும் ஏறியிருந்தன.

"உங்கப்பா செம ஸ்பீடு" என்று ஆண்டோ ஆக்சிலியாவுக்கு ஃபோன் பண்ணினான். "கூரையக் கழட்டிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

அருள்நாதனின் மனைவி ஞானமேரி வாசலில் நின்ற மொட்டைக் காரைப் பார்த்தாள்.

"மாப்ளகிட்டயுமாங்க?"

"என்ன மாப்ளகிட்டயுமா?"

"கழட்டிட்டீங்களே."

"கழட்டாம எப்படி அளவெடுக்கறது?"

"எடுத்துட்டீங்களா?"

"நாளைக்கு."

கார் கடையோரக் கொட்டகையில் நின்றது. தூசி படாமலிருக்க அதன்மேல் கோவிந்தனின் நீல ரெக்சினைப் போர்த்தி வைத்தார்கள். கோவிந்தன் மறுமுறை வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, ஏதோ ஒரு வண்டிக்காவது டாப்பு கெடச்சுதே" என்றார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆக்சிலியா கடைக்கு வந்தாள். ஆறாம் வகுப்பில் அவளுக்கு அப்பா ஒரு ஸ்கூல் பை வெட்டினார். ஏழாம் வகுப்பில் தைத்துக் கொடுத்தார். அதற்குள் புத்தகங்கள் பெருத்துவிட்டன. அதையெல்லாம் அவள் சொல்லிக்காட்டவில்லை.

"அப்பா, நான் மழயில நனஞ்சா பரவால்ல. ஆனா அவங்க வூட்டாளுங்க கேக்கறப்ப நீ 'நாளைக்கு'ன்னு சொல்லிடாத. அத மட்டும் என்னால நின்னு கேக்க முடியாது."

அருள்நாதனுக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேர் எவ்வளவோ கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள், ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது. அன்றே தொடங்கியிருக்கலாம். ஆனால் பதற்றத்தோடு செய்தால் வேலை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அவருக்கு நிதானம் வந்தது.

நிதானம் வந்தபின் வேலை பறந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெல்டிங் கடை மாதேஷ், ஆட்டோ டாப்புக்குப் போடும் பைப்பை வளைத்துச் சட்டம் செய்து கொடுத்தான். அருள்நாதன் கறுப்பு ரெக்சினை வெட்டினார், தைத்தார், பின்பக்கம் பிளாஸ்டிக் கண்ணாடி வைத்தார், ஓரமெல்லாம் பிரஸ் பட்டன் அடித்தார். உச்சி வெயிலில் இழுத்து மாட்டியபோது மத்தளத் தோல் மாதிரி விறைத்து நின்றது. தட்டிப் பார்த்தார். ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். பிறகு கழற்றி, மடித்து, டிக்கியில் போட்டார்.

வெயிலில் இளகி நீண்ட ரெக்சின் குளிரில் சுருங்கும். இது அவருக்குத் தெரியாததல்ல. வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்வதுதான். ஆனால் தான் சொல்வதைத் தானே கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாள் பூசை பாதியில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பாதிரியார் திருமணத்தை மந்திரித்து முடித்ததும் மணமக்கள் வெளியே வந்தார்கள். பேண்டு செட்டுக்காரர்கள் கோயில் முகப்பில் ஒண்டியிருந்தார்கள். ரோஜாப்பூ அலங்காரத்தோடு சிவப்புக் கார் நின்றது. சீட் நனையாமல் கோவிந்தனின் நீல ரெக்சின் காவல் காத்தது. அருள்நாதன் பட்டு வேட்டியை மடித்துக்கட்டி, டிக்கியைத் திறந்து, கறுப்பு டாப்பை எடுத்து விரித்தார். முன்பக்கம் மாட்டியது. பக்கவாட்டிலும் மாட்டியது. பின்பக்கம் இழுத்தார். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. இன்னும் இழுத்தார். மாதேஷும் இழுத்தான். கழுத்தில் மாலையோடு ஆண்டோவும் இழுத்தான். இரண்டு விரல் இரண்டு விரலாகவே இருந்தது. ஃபைபர் கூரையோ பூட்டிய கடையில், ரெக்சின் சுருள்களுக்கு அடியில் கிடந்தது.

ஆண்டோவின் அம்மா லூர்துமேரி குடையோடு வந்து நின்றாள். பாப்பாரப்பட்டிக்காரி, சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, மண்டபத்துல பிரியாணி ஆறுது. இது எப்ப ஆகும்?"

வார்த்தை அருள்நாதனின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம், தானாக வந்தது. வாயைத் திறந்தார். முகப்பில் நின்ற ஆக்சிலியா தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருந்த பூச்செண்டை இறுகப் பிடித்தாள்.

"ஒரு மணி நேரம்" என்றார் அருள்நாதன்.

மணி நேரத்தில் அவர் கெடு சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அவரே கொஞ்சம் திகைத்துப் போனார். ஞானமேரி மட்டும் திகைக்கவில்லை. கைப்பையைத் திறந்தாள், ஜெபமாலைக்கு அடியிலிருந்து கத்தரியும் குத்தூசியும் மெழுகு நூலும் வந்தன.

"இதெல்லாம் எதுக்கு எடுத்தாந்த?"

"உங்களத் தெரிஞ்சுதான்."

நடுவில் சேர்க்க ஒரு பட்டை ரெக்சின் வேண்டும். அருள்நாதன் சுற்றிலும் பார்த்தார். பார்வை சீட்டின்மேல் கிடந்த நீலத்தில் போய் நின்றது. கல்யாணத்துக்கு வந்திருந்த கோவிந்தனும் அதே நேரத்தில் அதே இடத்தைத்தான் பார்த்தார்.

"அருளு… வேணாம்பா."

வெட்டியாகிவிட்டது.

கோயில் முகப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கறுப்பை முதுகுப் பக்கம் கிழித்து, நீலப் பட்டையை வைத்துக் கையாலேயே தைத்தார். தையல் துளையில் தண்ணீர் இறங்காமலிருக்க, கோயில் உபதேசியார் கொடுத்த மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தார். ஒரு மணி நேரம் என்றது இரண்டை நெருங்கியது. பேண்டு செட் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. "பொண்ணு வூட்ல சோறு போடுவாங்கன்னு வந்தா, தையல் பாடம் நடத்தறாங்க" என்றார் ஒரு பெரியவர். அருள்நாதன் நிமிரவில்லை. கடைசி பட்டன் 'டப்' என்று விழுந்தபோது லூர்துமேரியே கை தட்டினாள். பசி என்றும் சொல்லலாம்.

மணமக்களை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் திறந்த அந்தக் காரில், முதுகில் நீலக்கோடு போட்ட ஒரு கறுப்புக் கூடாரத்தை ஊர் பார்த்தது. மணமக்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று மரியாதைக்கு நம்பிக்கொண்டது. உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை.

கோவிந்தன் நனைந்துகொண்டே பக்கத்தில் நடந்தார்.

"என் டாப்பு?"

அருள்நாதன் அவருக்கு வழக்கமான பதிலைச் சொன்னார். கேடயம் இன்னும் சுவரில் தொங்குகிறது. அருள்நாதன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வேலையை மட்டும், கேட்டவர்கள் முன்னால் உட்கார்ந்து, கேட்ட அன்றைக்கே தைத்து முடித்தார்.