பத்தாவது ஈ

எங்கள் தெருவில் என் மனைவிக்குத் தவளையக்கா என்று பெயர். வாய் பெரிதென்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் பெரிதுதான், ஆனால் பெயர் அதனால் வரவில்லை. எங்கள் வீட்டு முன்னறை அலமாரிக்கு மேல் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. ஆண்கள் செருப்பு வந்த அட்டைப்பெட்டிக்குப் பச்சை வண்ணம் அடித்து, முன்பக்கத்தை வெட்டி வாயாக்கி, சிவப்பு ரிப்பனை நாக்காகத் தொங்கவிட்டிருக்கிறாள். அந்தத் தவளையைத் தெரியாத குழந்தை தெருவில் கிடையாது.

பெட்டிக்கு எங்கே போனாள் என்றால், என்னிடம்தான் வந்தாள். நான் செருப்புக் கடை விற்பனையாளன். புதுச் செருப்பைக் காலில் மாட்டியதும் பழசைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு மிஞ்சிய பெட்டியெல்லாம் அவளுக்கு மிருகம். பெண்கள் செருப்புப் பெட்டி முயலாகும், குழந்தைகள் செருப்புப் பெட்டி எலியாகும். முழங்கால் வரை வருகிற பூட்ஸ் பெட்டியை ஒருநாள் நான் தூக்கிக்கொண்டு வந்தபோது, "ஏங்க, ஒட்டகச்சிவிங்கி!" என்று வாசலுக்கே ஓடிவந்தாள். எனக்காக அவள் அப்படி ஓடிவந்ததாக ஞாபகமில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்களே, இவள் கையில் அந்த வம்பே கிடையாது. குரங்கு செய்ய உட்கார்ந்தால் குரங்குதான் வரும். என்ன, அது கொஞ்சம் என் சாயலில் வரும்.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் குழந்தைகளை எங்கள் முன்னறையில் விட்டுவிட்டுப் போவார்கள். மொத்தம் ஆறு பேர். மூன்று வயது, நான்கு வயது. அவர்களுக்கு எண் சொல்லிக் கொடுப்பதாக அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. "ஒப்பிக்க வெச்சா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும்ங்க. தவளைக்குப் பசிக்குதுன்னு சொல்லிப் பாருங்க, தானா எண்ணும்" என்பாள். என் பழைய கோட்டிலிருந்து என்னைக் கேட்காமலே அறுத்தெடுத்த பத்துக் கறுப்புப் பொத்தான்கள்தான் ஈக்கள். பெட்டிக்குள் செருப்பைச் சுற்றியிருக்கும் மெல்லிய தாள்தான் இறக்கை. தாயக்கட்டையை உருட்ட வேண்டும், விழுந்த எண்ணுக்கு அத்தனை ஈயைத் தவளை வாயில் போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வயிற்றைத் திறந்து ஈக்களை வெளியே எடுத்து, ஆறு பேரும் கோரஸாக எண்ணிப் பத்து வந்த பிறகுதான் தவளை அலமாரிக்கு ஏறும்.

வினை வந்தது சிட்டுவால். நர்ஸம்மாவின் பெண். ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். ஈ என்றால் பறக்க வேண்டாமா என்று, ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஊதி விசிறிவிட்டாள். எங்கே போய் விழுந்ததென்றே தெரியவில்லை. அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவியாயிற்று, பாயை உதறியாயிற்று. கிடைக்கவில்லை. "நான் ஈயத் தொலைச்சிட்டேன்" என்று குழந்தை தேம்பித் தேம்பி அழுதது.

என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "தொலையலடா கண்ணு. எங்கயோ போய்ப் படுத்துத் தூங்குது. சத்தம் போடாத, எழுந்திரிச்சிரும்" என்றாள்.

அழுகை நின்றது. அன்றிலிருந்து எண்ணும்போது, ஒன்பது வரை கத்துவார்கள். பிறகு ஆறு பேரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, "பத்து. தூங்குது" என்று கிசுகிசுப்பார்கள். வேறொரு பொத்தான் வைத்தால் போச்சு என்றேன். ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து நிற்காமல் சாய்கிற கவலையில் அவள் காதில் அது விழவில்லை. எனக்கும் அந்தக் கிசுகிசுப்பைக் கேட்கப் பிடித்திருந்தது. கடைக்குக் கிளம்புகிறவன் அதற்காகவே வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள் வந்தது. சிட்டுவை அழைத்துக்கொண்டு போன நர்ஸம்மா, சாயங்காலம் மற்ற அம்மாக்கள் குழந்தைகளைக் கூட்டிப்போக நிற்கிற நேரமாகப் பார்த்து வந்தாள். மூக்குக்கு மேல் கோபம்.

"என்னக்கா சொல்லிக் குடுத்திருக்கீங்க? மிஸ் ஏழு பென்சில் வெச்சா இவ எட்டுங்கறா. மூணு பொம்மை வெச்சா நாலுங்கறா. சரி, ஒரு கையில எத்தனை விரல்னு கேட்டாங்க. ஆறாம்! ஒரு விரல் தூங்குதாம்!"

வேறு நாளாக இருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு யார் முகத்திலும் ஈயாடவில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொரு முறை கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள், அப்போதும் இப்படியே சொன்னால் அடுத்த வருஷம்தான் என்று சொல்லும்போது நர்ஸம்மாவின் குரல் உடைந்தது. "உங்கள நம்பித்தானேக்கா விட்டேன்" என்றாள். மற்ற அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, தன் பையனை அங்கேயே நிறுத்தி விரல்களை எண்ணச் சொன்னாள். அவனும் ஆறு என்றான்.

என் மனைவியின் பெரிய வாய் அப்படி மூடிக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் போன பிறகு தவளையை இறக்கி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

"என் கையால ஒரு குழந்தையோட படிப்பு கெடப் போகுதுங்க. இனிமே யாரு இங்க புள்ளைய விடுவா?"

அந்த முன்னறையில் குழந்தைச் சத்தம் இல்லையென்றால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

இதென்ன பிரமாத வித்தை, ஒரு பொத்தான்தானே குறைகிறது என்று நான் களத்தில் இறங்கினேன். அதே கோட்டின் கைப்பகுதியில் மிச்சமிருந்த ஒன்றை அறுத்து, இறக்கை ஒட்டி, அவளுக்குத் தெரியாமல் தவளை வயிற்றில் போட்டுவிட்டேன். மறுநாள் நர்ஸம்மா, வேறு போக்கில்லாமல், முகம் கொடுக்காமல் சிட்டுவைக் கொண்டுவந்து விட்டாள். நானே தவளையை எடுத்துக் குழந்தைகள் நடுவில் வைத்தேன். "எங்க, எண்ணுங்க பார்க்கலாம்!"

எண்ணினார்கள். ஒன்பதைத் தாண்டினார்கள். பத்து என்று கத்தினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ஆறு விரல்கள் ஆறு உதடுகளுக்குப் போயின.

"பதினொண்ணு. தூங்குது."

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க செருப்பு விக்கவே போங்க சாமி" என்றாள். மானம் போனாலும் அந்தச் சிரிப்பு திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "புதுசா ஒண்ணு வந்தா இதுங்களுக்கு என்னங்க? தூங்குறது தூங்கிட்டுத்தானே இருக்கு. அது எழுந்திரிக்கணும்" என்றாள்.

காலித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துப் பஞ்சு பரப்பி, என் பொத்தானைப் படுக்க வைத்து, தாளைப் போர்வையாக மூடினாள். மறுநாள் காலையில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து, "ஈ எங்க படுத்திருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு" என்று தீப்பெட்டியை நடுவில் வைத்தாள். ஒருவரும் மூச்சு விடவில்லை. சிட்டுதான் எழுப்ப வேண்டும் என்றாள்.

சிட்டு தீப்பெட்டியைப் பார்த்தாள், தவளையக்காவைப் பார்த்தாள். "பாவம். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்" என்றாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை நெருங்குகிறது, பொத்தானுக்கென்ன தூக்கம்! நீயே எழுப்பிவிடேன் என்று கண்ணைக் காட்டினேன். என் மனைவி அசையவில்லை. "சரி, தூங்கட்டும்" என்று மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். கடையில் அன்று நான் ஒருவருக்கு இரண்டும் வலது காலாக எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் நடந்ததை அவள்தான் சொன்னாள். பாதிச் சாப்பாட்டில் சிட்டு எழுந்து போய்த் தீப்பெட்டி முன்னால் குந்தினாளாம். "அதுக்கும் பசிக்கும்ல?" என்று கேட்டுவிட்டு, மெதுவாகத் திறந்து, போர்வையை விலக்கி, "எழுந்திரு, சாப்பிடலாம்" என்றாளாம். ஈயைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து மற்ற ஈக்களோடு வைத்தாள். எண்ணினார்கள். பத்து வந்ததும் சிட்டு தீப்பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சத்தமில்லை. தீப்பெட்டி ஆறு பேர் காதுக்கும் போய்வந்தது. பிறகு முன்னறை அதிரும்படி எல்லோரும் "பத்து!" என்று கத்தினார்களாம். யாரும் கிசுகிசுக்கவில்லை.

சனிக்கிழமை நான் வயிற்றுவலி என்று சொல்லிக் கடைக்குப் போகவில்லை. அது பொய்யும் இல்லை. என் மனைவி துடைத்த அலமாரியையே துடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ் அதே ஏழு பென்சில வெச்சாங்கக்கா. இவ மேஜைக்கு அடியில குனிஞ்சு பார்த்தா. அப்புறம், 'மிஸ், யாராச்சும் தூங்குறாங்களா'ன்னு கேட்டா. எனக்கு உயிரே போயிருச்சு. அந்த மிஸ் நல்லவங்கக்கா. 'இல்லடா, எல்லாரும் முழிச்சிட்டாங்க'ன்னாங்க. 'அப்ப ஏழு'ன்னா!"

இடம் கிடைத்துவிட்டது. "அன்னைக்குக் கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன்" என்று நர்ஸம்மா ஆரம்பித்தாள். "புள்ளைக்காகத்தானே பேசின. உக்காரு, டீ போடறேன்" என்று அவளை மேலே பேசவிடவில்லை என் மனைவி. மற்ற அம்மாக்கள் ஒருவர்கூடக் குழந்தையை நிறுத்தவில்லை. பையனை விரல் எண்ணச் சொன்னவள், தன் தங்கையின் குழந்தைக்கும் இடமிருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முன்னறையில் குழந்தைகள் தவளைக்கு ஈ போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுக் குழந்தை அடுத்த வாரம்தான் வருகிறது. என் மனைவி தட்டில் டம்ளர்களை வரிசையாக வைத்துப் பால் ஊற்றினாள். பார்த்தேன்.

"அஞ்சு பேர்தானே இருக்காங்க?"

"ஆறு" என்றாள்.

"சிட்டுதான் ஸ்கூலுக்குப் போயாச்சே."

அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் ஆறாவது டம்ளரை எடுத்து, நின்றபடியே குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.