தங்கச்சி வீட்டு நீச்சல் தடாகத்தில பாசி

இரத்மலானையில இருக்கிற என்ர தங்கச்சி காலமை கோல் எடுத்தாள்.

"அக்கா, நீச்சல் தடாகம் பச்சையாப் போச்சு. இண்டைக்குப் பிள்ளையை அனுப்பாத."

தங்கச்சியாக்கள் ஒரு கிழமை யாழ்ப்பாணம் போனவை, தண்ணி சுத்தமாக்கிற பில்டரை நிப்பாட்டிப்போட்டுப் போயிருக்கினம். மழையும் பெய்ய, சுவரெல்லாம் பாசி.

"ஐயோ பாவம்" எண்டு சொன்னன். உள்ளுக்குள்ள நல்ல சந்தோசம்.

அந்தத் தடாகம் வந்ததில இருந்து என்ர மகளுக்குச் சனிக்கிழமை எண்டால் சித்தி வீடுதான். எங்கட வெள்ளவத்தை பிளாட்டில நானும் டிவியும். நான் பத்து மாசம் சுமந்தன், அவள் தடாகம் கட்டினாள்.

மகள் விடேல்லை. "அம்மா, வாங்கோ, நாங்கள் போய்க் கழுவிக் குடுப்பம். சித்தி தனியக் கஷ்டப்படுவா."

வீட்டில ஒரு கோப்பை கழுவாத பிள்ளை.

போனம். நான் நீளத் தடி பிரஷால சுவரைத் தேய்ச்சன். தங்கச்சி அடியில படிஞ்சதைக் குழாயால உறிஞ்சி எடுத்தாள். மகள் இலை அள்ளினாள். பொழுதுபட்டாப் பிறகுதான் குளோரின் போடவேணுமாம், வெயிலில போட்டால் வீணாப் போயிடுமாம். பிறகு விடிய விடிய பில்டர் ஓடவேணுமாம்.

"அப்ப நாளைக்குத்தான் இறங்கலாமா சித்தி?" எண்டு மகள் கேட்டாள்.

"ஓம், தண்ணியை செக் பண்ணிப்போட்டு இறங்கலாம்."

"அப்ப நான் இஞ்சையே நிக்கிறன். அம்மா, நீங்கள் போங்கோ."

தங்கச்சி சிரிச்சாள். "நிக்கட்டுமன் அக்கா."

இப்ப தனிய பஸ்ஸில வாறன். கையில கொப்புளம். எங்கட பாத்ரூமிலயும்தான் பாசி இருக்கு, தேய்க்க வாறன் எண்டு ஒருத்தரும் இதுவரைக்கும் சொன்னதில்லை.

உங்கட பிள்ளையள் எல்லாம் வீட்டிலதானோ நிக்கினம்?