தோண்டாத அடிக்கட்டை

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத மேஸ்திரி, ஒற்றை ரம்பத்தோடு தொடங்கி மரவாடிக்கே முதலாளியானவர். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவருடைய வேலியோர மரத்தை, நிழல் விழுகிறதென்று பக்கத்துத் தோட்டத்து மச்சினன் வெட்டிச் சாய்த்துவிட்டான். மிஞ்சிய அடிக்கட்டையில் காளான் கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. அதன் கறுப்பு இழைகள் மண்ணுக்குள் ஊர்ந்து, வேருக்கு வேர் தாவி, மச்சினனின் பழமரங்களைக் கொல்லத் தொடங்கின.

“மாமா, கட்டையைத் தோண்டிடலாம். என் தோட்டமே போகுது!”

“வெட்டும்போது என்னைக் கேட்டியாடா? கட்டை என்னுது. கைய வச்சுப் பாரு!”

“நம்ம வாசல் மரமும் வாடுதுங்க. விட்டுக்கொடுங்களேன்,” என்று மனைவி தம்பிக்காகக் கெஞ்சினாள்.

மேஸ்திரி மீசையை நீவிக்கொண்டார். “வாடட்டும். முதல்ல அவன் தோட்டம் மொட்டையாகட்டும். அப்புறம் நானே கடப்பாரை எடுக்கறேன்.”