கடைப் பலகையில் ஒரு சுவிட்சு

"உனக்கென்ன தெரியும்?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் காது சிவந்துவிடும். கல்யாணமாகிக் காஜா பேராங்குக்கு வந்த மூன்றாம் வருஷம், மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று கடைக்காரர்களெல்லாம் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் மாமனார் என்னைக் கேட்டது அதைத்தான்.

எங்களுடையது மின்சாமான் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. வியாபாரம் மாமனார் கையில். என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் ஒயர் இழுத்துக் கொடுப்பார். எனக்கு அடுப்படி. புதுப் பலகையில் ஒரு சின்னம் வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை வந்தது. பலகை எழுதுகிறவரிடம் சொல்லி கஜலட்சுமியை வரைந்து வாங்கிவிட்டார். தாமரையில் அம்மன், இரண்டு பக்கமும் யானை, காலடியில் ரேடியோ, காற்றாடி, இஸ்திரிப் பெட்டி, தலைக்கு மேலே பல்பு. அழகாகத்தான் இருந்தது, பூஜை அறைக்கு.

"மாமா, சைக்கிள்ல போறவன் இத எப்பப் பார்த்து முடிக்கிறது? ரப்பர் முத்திரையில அடிச்சா யானைக் கால்தான் தெரியும்" என்றேன்.

"அடுப்படியில நிக்கிறவ, கடைப் பலகையப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

வந்ததே கோபம்! காற்றாடி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தேன். கறுப்புப் பெயிண்டில் ஒரு வட்டம், அதன் நடுவில் மேலே பார்த்து ஒரு குமிழ். சுவரில் இருக்கிற சுவிட்சு, அவ்வளவுதான். எழுத்துக்கூட இல்லை. எங்கள் ஊரில் தமிழ் படிப்பவர் உண்டு, சீனம் படிப்பவர் உண்டு, மலாயை ஜாவி எழுத்தில் படிப்பவர் உண்டு, எதுவுமே படிக்காதவரும் உண்டு. சுவிட்சைத் தட்டத் தெரியாதவர் யார்?

நான் தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த ஒரே சுவிட்சு எங்கள் அடுப்படிச் சுவிட்சு. படுக்கிற அறையில் கயிறு இழுக்கிற பல்பு. கடையிலும் கூடத்திலும் அந்தியில் மாமனார்தான் கும்பிட்டுவிட்டு விளக்குப் போடுவார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். ஆகவே அடுப்படியில் இருந்ததைப் பார்த்து வரைந்தேன்.

"ரெண்டு படத்தையும் தெரியாதவங்ககிட்ட காட்டுவோம், மாமா. என் படத்தப் பார்த்து என்ன கடைன்னு யாராச்சும் தப்பாச் சொன்னா, இனிமே கடைப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன். சரியாச் சொன்னா, என் படந்தான் பலகையில ஏறணும்."

"சொன்ன சொல்லு மாறக்கூடாது" என்றார்.

எங்கள் கடையை அறியாத பண்டார் ஹிலிர் பக்கம், தெரிந்தவர் சாப்பாட்டுக்கடையின் அஞ்சடி நடைபாதையில், போகிறவர் வருகிறவர் பார்க்க, நாங்கள் மூவரும் இரண்டையும் மாட்டினோம். கஜலட்சுமியைப் பார்த்து லோரிக்காரர் ஒருவர் நகைக்கடை என்றார். சீனக் காய்கறிக்காரர் கோயிலா என்று கேட்டார். என் அட்டையைப் பார்த்த மலாய்க்காரர் ஒருவர் விரலால் காற்றில் ஒரு தட்டுத் தட்டி, மேலே பல்பைக் காட்டி, மின்சாமான் கடை என்றார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. நான் நிமிர்ந்து நின்றேன்.

அப்புறம், பல தலைமுறையாக இந்த மண்ணிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பத்து அம்மா ஒருவர் கெபாயா உடுப்பில் வந்தார். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். படத்தைப் பார்த்தார், விரலைத் தட்டினார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இனி சுடா துத்துப் லா!"

இது அணைந்து கிடக்கிறதே என்கிறார். ஊர்ச் சுவிட்செல்லாம் கீழே தள்ளினால் எரியும். நான் வரைந்த குமிழ் மேலே பார்த்து நின்றது.

மாமனார் துள்ளினார். "பாத்தியா! விளக்க அணைன்னு வாயால சொல்லாம, குளிரவைன்னு சொல்ற குடும்பம்மா இது. அணைஞ்சத வாசல்ல மாட்டப் பாத்தியே!"

"நம்ம அடுப்படியில மேல தள்ளுனாத்தானே எரியுது?" என்றேன். சாப்பாட்டுக்கடையே சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் பிடரியைச் சொறிந்தார்.

"அது... அவசரத்துல தலைகீழா மாட்டிட்டேம்பா. அடுப்படிதானேன்னு விட்டுட்டேன்."

அடுப்படிதானே! ஊர் வீட்டுக்கெல்லாம் நேராக மாட்டுகிற மனுஷன், நான் நாள் முழுக்க நிற்கிற இடத்துக்கு மட்டும் இது போதும் என்று விட்டிருக்கிறார். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"மாமா, என் படத்தப் பார்த்து யாராச்சும் தப்பான கடை சொன்னாங்களா?"

"இல்ல. ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. சுவிட்சுன்னு மட்டுமா சொன்னாங்க அந்தம்மா? அணைஞ்சிருக்குங்கிற வரைக்கும் கண்டுபிடிச்சிட்டாங்க. உங்க யானைய யாராச்சும் இவ்வளவு உத்துப் பார்த்தாங்களா?"

அட்டையைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். வட்டம் எப்படித் திருப்பினாலும் வட்டம்தானே. குமிழ் கீழே வந்தது. செட்டி அம்மா கை தட்டினார். மாமனார் கஜலட்சுமிப் படத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "லட்சுமி உள்ள இருக்கட்டும்" என்றார்.

பலகை ஏறிய அன்று என் வீட்டுக்காரர் திருப்புளியோடு அடுப்படிக்கு வந்தார். நான் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும். இனிமே யாராச்சும் உனக்கென்ன தெரியும்னு கேட்டா, கூட்டிட்டு வந்து காட்டணும்."

மாமனார் இருந்தவரைக்கும், இருட்டிய பிறகு தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தால் பழக்கத்தில் குமிழைக் கீழே அழுத்திப் பார்ப்பார். அது அசையாது.

"மேல, மாமா" என்பேன்.